ஆடி ஜெயித்தவருக்கு அணியில் இடம் உண்டா, இல்லையா?

ரேட்டிங் பட்டியலை மேலிருந்து படித்து ஐந்தாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டால் இந்திய செஸ் அணி தயார், அதற்கு மேல் தேர்வுப் போட்டி எதுவும் வேண்டியதில்லை என்கிறார் கோவையில் பல காலமாகப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுத்துவரும் மூத்த பயிற்சியாளர் ஒருவர். பெற்றோர் நிறைந்திருந்த ஒரு பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். தேர்வுப் போட்டி என்பது அதிர்ஷ்டக் குலுக்கலாம். ரேட்டிங் என்பது பொய் சொல்லாத கணக்காம். தேசிய சாம்பியனுக்கு அணியில் ஓரிடம் கேட்பது, மேலே ஏறமுடியாத சிற்றூர்க்காரர்களின் புலம்பலாம். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பலர் திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிவந்தவர்கள். தங்கள் பிள்ளைகளின் வழியை அடைக்கிற ஒரு பேச்சுக்கு அவர்களையே கைதட்ட வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. இதே வாதத்தை வேறு ஊர்களிலும் வேறு பலர் சொல்கிறார்கள். அவர் உரக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் வாதத்தை விடப்போவதில்லை. அது கணக்கிலும் தவறு, வரலாற்றிலும் தவறு, நியாயத்திலும் தவறு.

முதலில் அந்தப் பொய் சொல்லாத கணக்கு. ரேட்டிங் முறையை வகுத்தவர் அர்பாட் ஏலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்தவர். உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1970-ல் அவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. தன் கணக்கின் எல்லை அவருக்கே நன்றாகத் தெரியும். ஓர் ஆட்டக்காரரின் பலத்தை அளப்பதைத் தண்ணீரில் ஏறி இறங்கி மிதக்கும் தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு ஒப்பிட்டவர் அவர். கணக்கை வகுத்தவரே இவ்வளவு தயக்கத்தோடு பேசியிருக்க, கோவைப் பயிற்சியாளருக்கு எங்கிருந்து வந்தது இத்தனை உறுதி?

எண்களையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு இடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 பங்கு புள்ளி எடுப்பார் என்று ஏலோ கணக்கு எதிர்பார்க்கிறது. 100 புள்ளி வித்தியாசம் என்றால் 64. 50 என்றால் 57. அணியின் கடைசி இடத்துக்குப் போட்டியிடுகிற இருவருக்கு நடுவே வெறும் 10 புள்ளிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதிர்பார்ப்பு 51.4. அதாவது அந்தப் பத்துப் புள்ளியை வைத்துக்கொண்டு இருவரில் யார் பலசாலி என்று யாராலும் சொல்லமுடியாது. இன்னொன்றையும் பாருங்கள். 2400-ஐத் தொட்டுவிட்ட ஆட்டக்காரருக்கு, தனக்குச் சமமான எதிராளியை ஜெயித்தால் கூடுவது 5 புள்ளி. பத்துப் புள்ளி என்பது இரண்டே ஆட்டம். எந்த ஊரிலோ யாரோடோ ஆடிய இரண்டு ஆட்டத்தின் வித்தியாசத்தில் ஒருவர் நாட்டுக்காக ஆடுவார், இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து நேரலை பார்ப்பார். இதைத்தான் குலுக்கல் இல்லாத முறை என்கிறார் அவர்.

அந்த எண்ணும் எல்லா ஊரிலும் ஒரே எடையில் இல்லை. தமிழ்நாட்டுப் போட்டி ஒன்றில் 1500 ரேட்டிங் உள்ள பத்து வயதுப் பையனோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவன் ஆடுவது 1500-இன் ஆட்டமாக இருக்காது. பிள்ளைகள் வேகமாக வளர்கிறார்கள். எண் பின்னால் நொண்டி நொண்டி வருகிறது. ஒருவரோடு ஒருவர் மோதி, ஒருவர் புள்ளியை ஒருவர் பறித்துக்கொண்டு, மொத்தப் பட்டாளமும் தன் பலத்துக்குக் கீழான எண்ணோடு நிற்கிறது. ஃபிடேவே இந்த இறக்கத்தை ஒப்புக்கொண்டு, 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரே வீச்சில் உயர்த்தியது. 1000-ல் இருந்த பிள்ளை மறுநாள் 1400 ஆனது. அதற்காக அந்தப் பிள்ளை ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. ஒரு அறிவிப்பில் 400 புள்ளி ஏறுகிற ஒன்றை மாறாத உண்மை என்று மேடையில் சொல்வதற்கு முன்னால் அவர் இதைப் பெற்றோரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

அந்தத் திருத்தம் கீழ்த்தட்டுக்குத்தான். மேலே இருப்பவர்களின் கதை வேறு. 2500 ரேட்டிங் உள்ள ஒருவர் ஈரோட்டிலோ கோவையிலோ ஓர் ஓப்பன் போட்டியில் உட்கார்ந்தால், முதல் நாலு ரவுண்டும் இப்படி எண் குறைந்த, ஆட்டம் முற்றிய பிள்ளைகளோடுதான். ஜெயித்தால் அரைப் புள்ளி, ஒரு புள்ளி கூடும். ஒரு டிரா விட்டால் நாலைந்து புள்ளி போகும். அதனால் ரேட்டிங்கைக் காப்பாற்ற விரும்புகிறவர் உள்ளூரில் ஆடமாட்டார். தேசியப் போட்டிக்கும் வரமாட்டார். ஐரோப்பாவுக்குப் போவார். விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு, கூடவே பயிற்சியாளர், சின்னப் பிள்ளையாக இருந்தால் துணைக்குப் பெற்றோரில் ஒருவர். உலக சாம்பியன் பட்டம் வென்ற குகேஷின் தகப்பனார் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். அந்தத் தியாகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சோமனூரில் தறி ஓட்டுகிறவர் தறியை நிறுத்தினால் அந்த மாதம் அடுப்பு எரியாது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவருக்கு ஆறு வாரம் லீவு யாரும் தரமாட்டார்கள். ரேட்டிங்கை மட்டுமே வாசலாக வைத்தால் ஆட்டத்தோடு சேர்ந்து பயணச் செலவும் அளக்கப்படுகிறது. இதைச் சொன்னால் புலம்பல் என்கிறார். வாசலில் கட்டணம் வசூலித்துக்கொண்டே, உள்ளே வராதவனைத் திறமை இல்லாதவன் என்று சொல்வதற்கு என்ன பெயர்?

இதே பயிற்சியாளரின் மாணவர்கள் மாவட்ட அணிக்கு எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஏதோ ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக் கூடம். பேரிங் தாளைச் செலோடேப்பால் தூணில் ஒட்டிவிட்டுப் போவார் ஆர்பிட்டர். அதைச் சுற்றி நாற்பது தலைகள். விரலை வைத்துத் தேடித் தன் பெயரையும் போர்டு எண்ணையும் கண்டுபிடித்து, வெள்ளையா கறுப்பா என்று பார்த்துவிட்டு ஓடும் பிள்ளைகள். கதவுக்குக் குறுக்கே கயிறு. அதைத் தாண்டி அம்மா அப்பாவுக்கு அனுமதி இல்லை. வெளியே படிக்கட்டில் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ரவுண்டு முடிந்ததும், தோற்ற பிள்ளை ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைக்கும். பக்கத்தில் ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனைக் கேட்பார்: “ஏனுங்க, எத்தனாவது ரேங்க் வரைக்குமுங்க செலக்‌ஷன்?” அந்தக் கேள்விக்கு அங்கே தெளிவான பதில் உண்டு. இத்தனை இடம், இத்தனை பேர், சமப்புள்ளி வந்தால் இன்ன டை-பிரேக். மாநிலத்திலும் அப்படியே, முன்னணி இடங்களைப் பிடித்தவர்கள்தான் தேசியப் போட்டிக்குத் தமிழ்நாட்டின் பெயரைச் சுமந்து போகிறார்கள்.

இந்த முறையை அவர் ஒருநாளும் குலுக்கல் என்று சொன்னதில்லை. எட்டு வயதுப் பிள்ளையைத் தேர்வுப் போட்டியில் உட்காரவைக்கலாம், தோற்றால் அடுத்த வருஷம் வா என்று சொல்லலாம். மாவட்டத்தில் ஆடி ஏறு, மாநிலத்தில் ஆடி ஏறு, தேசியத்தில் ஆடி ஏறு. தேசியத்தில் முதலிடம் வந்த பிறகு, இனி ஆட்டம் கணக்கில்லை, எண்ணைக் காட்டு என்கிறார்கள். கீழே நியாயமாக இருக்கும் முறை மேலே போனதும் எப்படி முட்டாள்தனமாகிறது? இந்தக் கேள்விக்கு அவர் பேச்சில் ஒரு வரி பதில் இல்லை.

பதினொரு ரவுண்டில் என்ன தெரியும், ஒரு வாரம் யாருக்கும் நன்றாக அமையலாம் என்றார். சரி. நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாட் எத்தனை ரவுண்டு? பதினொன்று. அதுவும் ஸ்விஸ் முறையில். தேசிய சாம்பியன்ஷிப்பும் பதினொரு ரவுண்டு ஸ்விஸ். பதினொரு ரவுண்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது, பதினொரு ரவுண்டில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவரின் தகுதி செல்லாது என்று வாதிடுகிறார். தொடர்ந்து ஆடி உடம்பும் மனசும் தளரும் எட்டாவது, ஒன்பதாவது ரவுண்டில் தோல்வியின் விளிம்பிலிருந்து டிரா பிடிக்கத் தெரிகிறதா என்பதைப் போட்டி காட்டும். பட்டியல் காட்டாது.

பட்டியல் எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பதை நம் மாமல்லபுரத்திலேயே பார்த்தோம். 2022 ஒலிம்பியாட்டில் ரேட்டிங் சராசரிப்படி முதலிடத்தில் வந்திறங்கியது அமெரிக்கா. முடித்தது ஐந்தாவதாக. இரண்டாம் இடத்தில் வரிசைப்படுத்தப்பட்டது இந்தியாவின் முதல் அணி. விதித், ஹரிகிருஷ்ணா, அர்ஜுன், நாராயணன், சசிகிரண். அது நான்காவதாக வந்தது. தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் பட்டியலில் 14-ஆம் இடத்தில் இருந்த அணி. வெண்கலம் வென்றது யார்? நம்முடைய இரண்டாம் அணி. குகேஷ், நிஹால், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக். பட்டியலில் 11-ஆவது. போட்டி நடத்தும் நாடு என்பதால் கூடுதல் அணிகளை இறக்க இந்தியாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அது கிடைக்காமல், முதல் அணியோடு கோடு போட்டிருந்தால், இரண்டாம் அணியின் ஐந்து பேரும் பார்வையாளர் வரிசையில்தான் இருந்திருப்பார்கள். முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து முதல் போர்டில் தனிநபர் தங்கம் வாங்கிய குகேஷும் அதில் ஒருவர். இரண்டு வருஷத்தில் உலக சாம்பியன் ஆனவரை அந்தக் கோடு வெளியே நிறுத்தியிருக்கும்.

உடனே புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டைக் காட்டுவார்கள், அவரும் காட்டினார். 2024-ல் ஆண், பெண் இரு பிரிவிலும் தங்கம், ரேட்டிங்கால் அமைந்த அணி, இனி என்ன பேச்சு என்று. அந்த வெற்றியில் எனக்கும் பெருமைதான். 22 அணிப்புள்ளியில் 21 எடுத்த அணியைப் பற்றி யார் குறை சொல்வார்கள்? குகேஷையோ அர்ஜுனையோ பிரக்ஞானந்தாவையோ தேர்வுப் போட்டியில் உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதாக மேடையில் ஒரு பொம்மையைச் செய்து வைத்து அதை அடித்து வீழ்த்தினார் அவர். மேலே உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் 60, 80 புள்ளி இடைவெளி இருக்கும்போது ரேட்டிங் போதுமான சான்று. சண்டை கடைசி இரண்டு நாற்காலிக்கு. அங்கேதான் பட்டியல் பேச்சற்றுப் போகிறது.

அதே புடாபெஸ்டின் மகளிர் அணியையும் அவர் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். இந்தியப் பெண்களில் ரேட்டிங்கில் முதலாவதாக இருந்த கோனேரு ஹம்பி அந்த அணியில் ஆடவில்லை. ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா, தானியா ஆடினார்கள், தங்கம் வந்தது. நான்காவது போர்டில் தனிநபர் தங்கம் எடுத்தவர் வந்திகா. 2014-ல் ட்ரோம்சோவில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பியாட் வெண்கலம் வென்றபோது ஆனந்தும் இல்லை, ஹரிகிருஷ்ணாவும் இல்லை. நேகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு ஆடிய அணி அது. மேல் பெயர்கள் இல்லாதபோதும் பதக்கம் வந்திருக்கிறது. மேல் பெயர்கள் எல்லாம் இருந்தபோது நழுவியும் இருக்கிறது. இதிலிருந்து ரேட்டிங் வீண் என்று சொல்லமாட்டேன். ரேட்டிங் மட்டும் போதும் என்பதற்கு இந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை என்கிறேன்.

அவருடைய வாதத்தில் பெற்றோரை மிகவும் அசைத்தது ஊழல் பற்றிய பகுதி. தேர்வுப் போட்டி வைத்தால் கடைசி ரவுண்டில் பேசிவைத்து டிரா செய்வார்கள், புள்ளி விற்பார்கள் என்றார். நடக்கக்கூடியதுதான். ஆனால் ரேட்டிங்கில் நடக்காதது போலப் பேசுவது இந்த விளையாட்டின் வரலாற்றை மறைப்பது. ருமேனியாவின் அலெக்ஸாண்ட்ரு கிரிஷான் என்பவர் யாரும் பார்க்காத போட்டிகளின் கணக்கை வைத்து 2600-க்கு மேல் ரேட்டிங் ஏற்றினார். 2001-ல் ஸ்லோவேனியாவில் விட்மார் நினைவுப் போட்டியில் உண்மையான கிராண்ட்மாஸ்டர்களோடு உட்காரவேண்டி வந்தது. ஒன்பது ஆட்டத்தில் எடுத்தது அரைப் புள்ளி. அமெரிக்காவில் வர்ஜீனியா சிறையில் இருந்த கிளாட் பிளட்குட் சக கைதிகளோடு ஆடியே 1996-ல் அந்த நாட்டுப் பட்டியலின் உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கிரிஷானின் போலி எண்ணைத் தோலுரித்தது ஒரு நேரடிப் போட்டிதான்.

இவை பழைய கதை, இப்போது இப்படி நடக்காது என்பார். உலக சாம்பியனோடு மோதும் உரிமைக்கான கேண்டிடேட்ஸ் போட்டியில் ரேட்டிங்கை வைத்தும் ஓரிடம் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? 2022-ல் டிங் லிரன் குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையை எட்டவேண்டும் என்பதற்காகச் சீனாவில் அவசர அவசரமாகப் போட்டிகள் அமைத்தார்கள். 2023 டிசம்பரில் அலிரேசா ஃபிரூஜாவுக்காகப் பிரான்ஸின் ஷார்த்ரில் தன்னைவிட ரேட்டிங்கில் மிகவும் குறைந்த எதிராளிகளோடு மேட்சுகள் ஏற்பாடாயின. ஃபிடே முறைத்துப் பார்த்ததும் ரூவானில் ஒரு ஓப்பன் போட்டிக்குப் போய்ப் புள்ளியைச் சேர்த்தார். 2025-ல் உலகின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர் ஹிகாரு நகமுரா, எண்ணிக்கையை நிரப்ப லூயிசியானா மாநிலப் போட்டியிலும் அயோவா ஓப்பனிலும் போய் உட்கார்ந்தார். இவர்கள் யாரும் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. விதியை மீறவும் இல்லை. எண் ஒரு வாசலானால் அந்த எண்ணுக்காகவே ஆட்டங்கள் தயாரிக்கப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உலகத்தின் முதல் பத்துப் பேரிடமே இது நடக்கிறது. நம் ஊர்ச் சங்கங்களில் நடக்காது என்று அவர் எந்தத் துணிவில் சொல்கிறார்?

கேண்டிடேட்ஸின் மற்ற இடங்களுக்கு எப்படிப் போகிறார்கள்? ஆடித்தான். 2023-ல் ஐல் ஆஃப் மேனில் பதினொரு ரவுண்டு ஸ்விஸ் போட்டியான கிராண்ட் ஸ்விஸ்ஸை ஜெயித்து விதித் போனார். மகளிர் பிரிவை ஜெயித்து நம் வைஷாலி போனார். 2025-ல் சமர்கண்டில் அதே கிராண்ட் ஸ்விஸ்ஸை வைஷாலி மறுபடியும் ஜெயித்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சென்னையில் ஒரு போட்டியில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் தோற்றுக் கிடந்தார். 2025 மகளிர் உலகக் கோப்பைக்குப் போகும்போது திவ்யா தேஷ்முக் வரிசையில் 15-ஆவது. கோப்பையோடு திரும்பினார், கிராண்ட்மாஸ்டர் பட்டத்தோடும். 2024 கேண்டிடேட்ஸில் குகேஷுக்கு மேலே எண் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள், ஜெயித்தவர் குகேஷ். உலகப் பட்டத்துக்குப் போட்டியாளரை ஆட்டம் வைத்து எடுக்கலாம், ஒலிம்பியாட்டின் ஐந்தாவது போர்டுக்கு ஆட்டம் வைத்து எடுத்தால் தப்பா?

ஜப்பானியர்களின் ஷோகி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சதுரங்கத்தின் தூரத்துச் சொந்தம். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவேண்டும் என்றால் பயிற்சிக் கழகத்தின் மூன்றாம் டான் லீக்கில் ஆடவேண்டும். அரை வருஷத்துக்கு ஒரு லீக். முதல் இரண்டு இடம் வந்தவர்கள் மேலே போவார்கள். இருபத்தாறு வயதுக்குள் ஏறமுடியாதவர்கள் பொதுவாக வெளியேற வேண்டியதுதான். கொடுமையான முறை. ஆனால் எந்த ஊர்ப் பையனுக்கும் அது ஒன்றே விதி. இன்றைக்கு ஜப்பானே கொண்டாடும் ஃபுஜி சோட்டா 2016-ல் பதினான்கு வயதில் அந்த லீக்கை ஜெயித்துத்தான் உள்ளே வந்தார்; 2023-ல் எட்டுப் பெரிய பட்டங்களும் அவர் கையில். அவருக்கு எதற்கு லீக், திறமை தெரிகிறதே என்று அங்கே யாரும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

இனி அந்தச் ‘சிற்றூர்க்காரர் புலம்பல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைக் கோவையில் நின்றுகொண்டு ஒரு செஸ் பயிற்சியாளர் சொன்னதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் எங்கே உருவானார்? விசுவநாதன் ஆனந்த் 1988-ல் அந்தப் பட்டத்தை எட்டியது இதே கோவையில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியை ஜெயித்து. கிராண்ட்மாஸ்டர் தகுதிக்கு வெளிநாட்டு எதிராளிகளும் பட்டம் பெற்றவர்களும் வேண்டும். ஊர் ஊராக அலையாமல் அதை நம் மண்ணிலேயே ஒரு இளைஞன் ஆடிப் பெறும்படி ஒரு கோவை நிறுவனம் போட்டி நடத்தியது. அந்த ஊரில் நின்று, போட்டியால் என்ன தெரியும் என்று கேட்கிறார்.

ஈரோட்டு இனியன் பன்னீர்செல்வம் 2019-ல் இந்தியாவின் 61-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2025-ல் குண்டூரில் நடந்த 62-ஆவது தேசிய சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். நாட்டின் சாம்பியன். மஞ்சளும் ஜவுளியும் தவிர ஈரோட்டில் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த ஊர் கொடுத்த பதில். முன்பெல்லாம் தேசிய ‘ஏ’ போட்டியில் முன்னணியில் வந்தால் இந்திய அணிக்கு வழி திறக்கும். இப்போது தேசிய சாம்பியன் பட்டத்தால் மட்டும் ஒலிம்பியாட் இடம் உறுதியாவதில்லை. 2023 தேசிய சாம்பியன் எஸ்.எல். நாராயணன் புடாபெஸ்ட் அணியில் இல்லை. 2024 ஆகஸ்டில் பட்டம் வென்ற கார்த்திக் வெங்கட்ராமனும், செப்டம்பரில் ஒலிம்பியாட் தொடங்கியபோது அணியில் இல்லை. சாம்பியன் என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்றும் சொல்கிற விளையாட்டுச் சங்கம் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு தேசியப் போட்டிக்கு என்ட்ரி ஃபீஸ் வாங்குகிறது?

சேலத்து நந்திதாவையும் சொல்லவேண்டும். மாமல்லபுரத்தில் பெண்களுக்கும் மூன்று அணி இறக்க முடிந்ததால் மூன்றாம் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. பட்டியலின்படி அந்த வரிசை. அதே வருஷக் கடைசியில் டெல்லியில் ஆசிய மகளிர் சாம்பியன் ஆனார். மூன்று அணி இல்லாத ஒரு சாதாரண ஒலிம்பியாட் வருஷமாக இருந்திருந்தால் பி.வி. நந்திதா என்ற பெயர் அந்த அரங்கத்தின் எந்தப் போர்டிலும் வந்திருக்காது. இவர்கள் யாரும் சலுகை கேட்கவில்லை. கொங்கு நாட்டுக்கு ஒதுக்கீடு கொடு என்று யாரும் மனு எழுதவில்லை. எல்லோரும் உட்காரும் ஒரு போட்டி, அதில் ஜெயித்தால் ஒரு நாற்காலி. இதில் புலம்பல் எங்கே இருக்கிறது?

பெரிய ஆட்டக்காரர்கள் தேசியப் போட்டிக்கு வருவதில்லை, அதனால் அதை ஜெயிப்பது பெரிதில்லை என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தார். ஏன் வருவதில்லை? வந்தால் ரேட்டிங் இறங்கும், ரேட்டிங் இறங்கினால் அணி போகும். அவர் புகழும் முறைதான் அவர் குறை சொல்லும் போட்டியைக் காலி செய்தது. நாற்காலியை அந்தப் போட்டியோடு கட்டிப்பாருங்கள். பட்டியலில் நாலாவது, ஐந்தாவது, எட்டாவது இடங்களில் இருப்பவர்கள் அடுத்த ரயிலில் வந்து இறங்குவார்கள். தேசியப் போட்டி பழையபடி கனமாகும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று சொந்த நாட்டிலேயே 2650 ரேட்டிங்காரரோடு உட்காரும். அதற்கு ஐரோப்பிய விசா தேவைப்படாது.

நான் கேட்பது இதுதான். ஐந்து இடத்தில் மூன்றை ரேட்டிங்குக்கே கொடுங்கள். ஒரு மாதப் பட்டியலை வைத்து வேண்டாம். ஒரு வருஷச் சராசரி, குறைந்தது இத்தனை ஆட்டம் ஆடியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. நாலாவது இடம் ஒலிம்பியாட்டுக்கு முந்தைய தேசிய சாம்பியனுக்கு. அவர் ஏற்கெனவே முதல் மூவரில் ஒருவராக இருந்தால் இரண்டாம் இடம் வந்தவருக்கு. ஐந்தாவது இடம் அணித்தலைவரின் தேர்வு. காரணத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். பெண்கள் அணிக்கும் இதே விதி. பேசிவைத்த டிராவைத் தடுக்க, கடைசி மூன்று ரவுண்டில் முப்பது காய்நகர்த்தலுக்கு முன் டிரா கேட்கக்கூடாது என்று வையுங்கள். அந்த மாதிரி விதிகள் உலகப் போட்டிகளில் புழக்கத்தில் உள்ளவைதான். இந்த விதிகளை ஒலிம்பியாட்டுக்கு ஒரு வருஷம் முன்பே அச்சிட்டு எல்லா மாவட்டச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். அணி அறிவிப்புக்குப் பிறகு விதி எழுதுகிற பழக்கம் எந்த விளையாட்டிலும் வேண்டாம்.